பாயில் ஒட்டிய விருந்தாளி

(மட்டக்களப்பு ஆரையம்பதியில் ஒரு வீட்டுக் குசினி. விறாந்தையிலிருந்து குறட்டைச் சத்தம்.)

மனைவி: இஞ்ச பாருங்க, உங்கட கூட்டாளி எப்ப போறாராம்?

கணவர்: மெல்லப் பேசு புள்ள. மட்டக்களப்புக்கு வந்தவனைப் பாயோடு ஒட்டவைப்போம் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒட்டினபிறகு கோபிக்கலாமா?

மனைவி: ஒட்டினது பாயிலா, எருமைத் தயிரிலா? அடுத்த சட்டியும் காலி.

கணவர்: ஒரு சட்டிக்கே இப்படியா? பிரயாகையில் பரத்துவாசர் ஆச்சிரமத்தில் குளமே தயிர்! ராமரைத் தேடி வந்த பரதனின் படைக்கு அவர் வைத்த விருந்தை வால்மீகி ராமாயணத்து அயோத்தியா காண்டத்தில் 91ஆம் சருக்கம் முழுக்கச் சொல்கிறார்கள். தின்ற வீரர்கள், "இனி அயோத்திக்கும் போகமாட்டோம், தண்டகவனத்துக்கும் போகமாட்டோம்" என்று கத்தினார்கள். குதிரைக்காரனுக்குத் தன் குதிரையே அடையாளம் தெரியவில்லை.

மனைவி: முனிவர் அக்கினிசாலைக்குள் போய், தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்து, தேவதச்சன் விசுவகர்மாவை அழைத்தார். நீங்கள் கதிரையில் சாய்ந்தபடி "புள்ள, பிளேன்டீ" என்று என்னை அழைக்கிறீர்கள்.

கணவர்: சீப்பு, கண்ணாடி, பற்குச்சிகூட தயாராக இருந்தது.

மனைவி: என் சீப்பு எங்கே போனது என்று இப்ப விளங்குது.

கணவர்: ஒருவனைக் குளிப்பாட்ட 7, 8 பெண்கள்...

மனைவி: அது மட்டும் மறக்காது!

(இந்த இடத்தில் கணவர் வெங்காயம் உரிக்கத் தொடங்கியது புத்திசாலித்தனம்.)

மனைவி: ஆச்சிரமத்து மரம், தண்ணீர் பழுதாகக் கூடாது என்று பரதன் படையை ஒரு குரோசத்துக்கு, அதாவது கூப்பிடு தூரத்துக்கு, அப்பால் நிறுத்திவிட்டு வந்தான். இவர் ஓட்டோவைக் கொண்டுவந்து என் கீரைப்பாத்தியில் நிறுத்தியிருக்கிறார். அதோடு, பரதனிடம் நலம் விசாரித்த கையோடு முனிவர் கேட்ட கேள்வி, "நாட்டை ஆள்கிற உனக்கு இங்கே என்ன வேலை?" என்பதுதான். நானும் கேட்கட்டா?

கணவர்: ஐயோ, வேண்டாம். விடிந்ததும் பரதன் சித்திரகூடத்துக்கு வழி கேட்டுக் கிளம்பினானே, இவனும் வழி கேட்டுவிட்டான்.

மனைவி: கொழும்புக்கா?

கணவர்: பாசிக்குடாவுக்கு. கடலில் குளித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவானாம். மறுகா... அவன் அண்ணன் குடும்பமும் அங்கே வருகிறதாம். எல்லாருமாக இங்கேதான்... ஆற்று இறால் கிடைக்குமா என்று கேட்டான்.

மனைவி: கிடைக்கும். படையை மட்டும் ஒரு குரோசத்துக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்க. நீங்கள் இறால் உரித்து முடித்ததும் கூப்பிடலாம்.