ரா ஃபைல் இருந்தால் போலரைசர் தேவையில்லையா?

"ராவில் எடுத்துட்டா போதும், போலரைசர் பண்ற வேலைய லைட்ரூம்லயே பண்ணிக்கலாம்" என்று நிலக்காட்சி எடுக்கும் நண்பர்கள் பலர் சொல்கிறார்கள். ரா என்பது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு; போலரைசர், பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்பும் ஃபில்டர்; லைட்ரூம், படம் திருத்தும் மென்பொருள். வானத்தை மட்டும் வைத்துப் பேசினால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. நீலத்தின் வெளிச்சத்தைக் குறைத்தால் கிட்டத்தட்ட அதே வானம் வந்துவிடும். ஆனால் இலையிலும் தண்ணீரிலும் இந்தப் பேச்சு எடுபடாது.

ஜூலையில் வால்பாறைத் தேயிலைத் தோட்டம். மழை விட்டிருக்கும், வானம் மூடியிருக்கும். ஈர இலை ஒவ்வொன்றும் வானத்து வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால், படத்தில் பச்சை வெளிறிச் சாம்பலாகத் தெரியும். சேச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றினால் அந்த வெளிறலில் நீலம்தான் ஏறும்; அதற்கடியில் இருக்கும் இலை நரம்பு வராது. அது சென்சாரில் சரியாகப் பதிவாகவே இல்லையே! சி.பி.எல். ஃபில்டரை, அதாவது போலரைசரை, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், பளபளப்பு விலகிப் பச்சை எழும்பி வரும். 'வெயில் இல்லையே' என்று ஃபில்டரைப் பையிலேயே வைத்திருப்பவர்கள் இழப்பது இதைத்தான்.

தண்ணீரில் கோணம் முக்கியம். பார்வை நீர்ப்பரப்போடு சுமார் 37 டிகிரி சாய்வில் இருந்தால் பிரதிபலிப்பு நன்றாக விலகும். செங்குத்தாகக் குனிந்து எடுத்தால் ஒன்றும் நடக்காது. வானத்துக்கு, சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய பகுதியில்தான் பலன் அதிகம். அதனால்தான் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் வானத்தை மிக அகலமாக அடக்கும் 16 மி.மீ. லென்ஸ் போட்டால் நீல வானத்தின் நடுவே கறுப்புப் பட்டை விழுகிறது. அதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. வைட் லென்ஸ் என்றால் வானத்தைக் குறைத்து ஃப்ரேம் வையுங்கள்.

ஃபில்டர் 1 முதல் 2 ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் போனால் வெளிச்சம் பாதியாகும்). 2 ஸ்டாப் போனால் ஷட்டர் வேகம் 1/60 நொடி 1/15 ஆகும். காற்றில் செடி ஆடினால் இலை கலங்கிப்போகும். வேகத்தை மீட்க, தயங்காமல் ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்ச உணர்திறனை) 400க்கு ஏற்றுங்கள், ரா தாங்கும். சில ஃபில்டர்கள் லேசாக நிறம் ஏற்றும். ராவில் வைட் பேலன்ஸைப் பிறகு மாற்றினாலும் சேதமில்லை. ஜேபெக்கில் (கேமரா சுருக்கித் தரும் படக்கோப்பில்) ஒரு வண்ணத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. மூடுபனியின் மென்மையான ஏற்ற இறக்கம் நிற்பது அங்கேதான். ஒன்று கவனியுங்கள், கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவல் வரைபடம்) பொதுவாக ஜேபெக்குக்கானது. ஹைலைட் (மிக வெளிச்சமான பகுதி) விவரமின்றி வெடித்ததாகக் காட்டினாலும் ராவில் கொஞ்சம் மிச்சமிருக்கலாம்.

பளபளப்பு முழுக்கப் போகும்வரை ஃபில்டரைத் திருப்புவதை நான் ஏற்கமாட்டேன். அப்படிப் போனால் ஓடை செத்த தண்ணீராகிவிடும். ட்ரைபாடில் வைத்து, மேனுவலில் ஒரே எக்ஸ்போஷரில், இலைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என ஃபில்டரை வேறுவேறாகத் திருப்பி இரண்டு ஃப்ரேம் எடுத்து, மென்பொருளில் மாஸ்க் (பகுதியை மறைக்கும் வசதி) போட்டு ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் ஃபில்டரும் கூடவே சுழன்றுவிடும், மறுபடி சரிபார்த்த பிறகே ஷட்டரை அழுத்துங்கள்.