எருமைப் பாலில் கொரோனாவா? அந்தச் செய்தியைப் பகிராதீர்கள்
"எருமை கொரோனா பரப்பும், விஞ்ஞானிகள் உறுதி, கம்பத்துப் பால் வாங்காதீர்" என்று கேரள மலையூர்களான குமுளி, வண்டன்மேடு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

2021 நவம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வந்த கட்டுரையைத் திரித்திருக்கிறார்கள். இணையத்தில் படிக்கலாம். சுமார் 5,400 பாலூட்டி இனங்களில் எவற்றை முதலில் கண்காணிக்கலாம் என்று கணினி கணித்தது. பட்டியலில் எருமை உண்டு, உண்மைதான். ஆனால் அது கணிப்பு. தொழுவத்தில் சோதித்துக் கண்டதல்ல. பாலில் பரவும் என்று ஆய்வு சொல்லவேயில்லை. ரோமத்துக்காக வளர்க்கும் மிங்க் என்ற சிறு விலங்கின் விஷயம் வேறு: 2020இல் நெதர்லாந்து, டென்மார்க் பண்ணைகளில் அதிலிருந்து மனிதருக்குத் தொற்றியது மரபணுச் சோதனையில் தெரிந்தது.

விடியுமுன் கறந்து கேனோடு கம்பத்திலிருந்து மலையேறுகிறவருக்கு ஒருநாள் பால் திரும்பினாலே தவிடு, பிண்ணாக்குக்குக் கையில் காசிருக்காது. தயவுசெய்து அந்தப் பொய்ச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.