வேலை கிடைத்த பிறகும் உதவி வேண்டும்

தண்டுவடத்தில் அடிபட்டவர்களின் வேலை பற்றிப் பேச்சு வந்தாலே, "அதான் ஆன்லைனிலேயே எல்லாம் வந்துவிட்டதே, வீட்டிலிருந்தே பார்க்கலாமே" என்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இணைய வசதி இருந்தால் மட்டும் போதாது.

எனக்குக் கழுத்தில் சி6 மட்டத்தில், அதாவது தண்டுவடத்தின் ஆறாவது கழுத்து நரம்பு மட்டத்தில் காயம். விரல்கள் சொன்னபடி மடங்காது. மணிக்கட்டை மேலே தூக்கினால் தசைநார் இழுபட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாகச் சேரும். போனை எடுப்பது அந்தப் பிடியில்தான். டைப் செய்ய, உள்ளங்கைப் பட்டையில் ஒரு குச்சியைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவேன். இரண்டு கீயைச் சேர்த்து அழுத்த முடியாது என்பதால், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலும் சேர்த்து அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும் ஸ்டிக்கி கீஸ் வசதி எப்போதும் ஆனில் இருக்கும். நீளமானதைக் குரலில் சொல்லிவிட்டுப் பிழைகளைக் குச்சியால் திருத்துவேன். இந்தப் பதிவும் அப்படித்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடக்கும் ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் பதிந்தேன். நான் கேட்டது கணக்கு சரிபார்க்கும் வேலை. முதலில் வந்தது டைப்பிங் வேகத் தேர்வு. குரல்வழி எழுதக் கூடாதாம். ஏன் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. தகுதியில்லை என்று மெயில் வந்தது. அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

அப்புறம் உடம்பின் நேரக்கணக்கு. நான் எழுந்து மேஜைக்கு வர மூன்று மணி நேரம் ஆகும். மலம் கழிப்பதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாததால்தான் காலை எட்டு மணிக்கு கேமரா முன்னால் உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்த பிறகும் அரை மணிக்கு ஒரு முறையாவது உடம்பைச் சாய்த்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் புண் வரும். ஒரு புண் வந்தால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் படுக்கைதான். சிறுநீர்ப்பை நிரம்பினால் எங்களில் பலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். மீட்டிங் முடியட்டும் என்று காத்திருக்க முடியாது, உயிருக்கே ஆபத்து.

தண்டுவடக் காயத்தோடு வாழும் பெரியவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்னது. இத்தனை பேருக்கும் திறமை இல்லையா என்ன?

மாற்று வழி தெரியாமலும் இல்லை. அமெரிக்காவில் தண்டுவடக் காயம் உள்ள முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. வேலைக்கான ஆலோசகரைச் சிகிச்சைக் குழுவிலேயே சேர்த்து, முதலில் வேலை, கூடவே பயிற்சி, சேர்ந்த பிறகும் துணை என்று செய்து பார்த்தார்கள். அதே மருத்துவமனைகளில் வழக்கமான உதவி பெற்றவர்களைவிட, இவர்களுக்கு எல்லோரையும் போலப் பொதுச் சந்தையில் சம்பள வேலை கிடைக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது.

எனக்கும் பிற்பாடு அப்படி ஓர் ஆலோசகர் ஆன்லைனில் கிடைத்தார். முதல் நாள் அவர் ரெஸ்யூமே கேட்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பி மேஜையைக் காட்டச் சொன்னார். வீல்சேரில் கை வைக்கும் பகுதி மேஜையில் முட்டியதால் நான் எட்டிக் குனிந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். மேஜைக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைக்கச் சொன்னார். அவ்வளவுதான், தோள்வலி பாதியாகக் குறைந்தது. நேரில் அவர் அலுவலகத்துக்குப் போயிருந்தால் என் மேஜையை எப்படிப் பார்த்திருப்பார்? ஆன்லைன் உதவியின் பலமே இதுதான். வேலைப் பட்டியல் அனுப்புவதை யாரும் செய்யலாம்.

சம்பளம் வந்தால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கணக்கையும் சேரும் முன்பே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். பதினொரு மணிக்குத் தொடங்க நிறுவனத்திடம் பேசியதும் அவர்தான்.

நான்காவது மாதம் யூரின் இன்ஃபெக்ஷன், காய்ச்சல். எட்டு நாள் வேலை நின்றுபோனது. ராஜினாமா மெயிலை எழுதி வைத்துவிட்டேன். அந்த வாரம் வழக்கம்போல அவர் அழைத்தார். "அனுப்பாதீங்க, நான் பேசுறேன்" என்றார். அந்த மெயில் இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது.