அந்த நர்சுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதனால் மிஷன் ஆஸ்பத்திரி என்ற பேச்சு வந்தாலே நான் நாலு வார்த்தை திட்டுவேன் என்று எதிர்பார்க்கிறவர்கள் உண்டு. "அவங்க இல்லைன்னா ஆப்பிரிக்காவே இல்லை" என்று கைகூப்புகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிற நர்சுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

ஆப்பிரிக்க நாடான மலாவியில் பெரும்பாலும் அரசாங்கம்தான். அங்கே திருச்சபைகளின் மருத்துவமனைகளை எல்லாம் இணைக்கிற சாம் என்ற அமைப்பு, நாட்டின் மருத்துவச் சேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தங்களுடையது என்கிறது. அந்த ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை கிராமப்புறத்தில். அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், இவர்களிடம் கட்டணம். சுற்றுவட்டாரத்தில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று மட்டுமே இருந்தால், அந்த ஊர் ஏழை மட்டும் காசு கொடுக்க வேண்டும். இந்த அநியாயத்தைச் சரிசெய்ய அரசு ஓர் ஒப்பந்தம் போட்டது. பிரசவத்தையும் பச்சிளங்குழந்தை சிகிச்சையையும் இலவசமாகக் கொடுங்கள், பில்லை எங்களுக்கு அனுப்புங்கள் என்றது. கட்டணம் போன இடங்களில் கர்ப்பிணிகளின் வருகை கூடியது. பிறகு அரசு பாக்கி வைத்தது. பாக்கி ஏறியபோது சில இடங்களில் ஒப்பந்தம் நின்றது, கட்டணம் திரும்பி வந்தது.

(இந்த 'பங்கு' கணக்குகளை அப்படியே விழுங்க வேண்டாம். ஆப்பிரிக்காவின் மருத்துவக் கட்டமைப்பில் 30 முதல் 70 சதவீதம் மத அமைப்புகளுடையது என்று 2007ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது மேடைதோறும் ஒலித்தது. கட்டிடத்தையும் கட்டிலையும் எண்ணினால் ஒரு விடை. காய்ச்சல் வந்தபோது எங்கே போனீர்கள் என்று வீடுவீடாகக் கேட்டால் அதைவிடச் சிறிய விடை.)

எனக்கு உண்மையிலேயே மரியாதை வருவது உகாண்டாவின் மருந்துக் கிடங்கின் மேல். 1892ல் மெங்கோவில் துப்பாக்கியோடு மோதிக்கொண்டவர்கள் அங்கத்திய கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும். அதே இரண்டு சபைகளின் மருத்துவப் பிரிவுகள், இடி அமீன் வீழ்ந்த 1979ல், சேர்ந்து மொத்தமாக மருந்து வாங்கி விநியோகிக்க ஒரு பொதுக் கிடங்கைத் தொடங்கின. மத அமைப்புகளின் வலைப்பின்னல் என்று பேசுகிறார்களே, அதில் நான் மதிப்பது இதைத்தான். தூரத்து கிளினிக்கில் மலேரியா மருந்து தீர்ந்துபோனால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. இதில் இறையியல் எதுவும் இல்லை, லாரியும் பில்புக்கும்தான்.

ஆனால் எல்லாவற்றையும் லாரியால் விளக்கிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2000ல் உகாண்டாவின் குலுவில் எபோலா வந்தபோது, லாக்கோர் கத்தோலிக்க மருத்துவமனையின் மருத்துவர் மேத்யூ லுக்வியா, பயந்துபோன நர்சுகளைக் கூட்டிவைத்துப் பேசினார். பலர் தங்கினார்கள். சக ஊழியர்கள் சிலரோடு அவரும் அந்த டிசம்பரில் அதே நோயில் செத்துப்போனார். இதற்குச் சம்பளம் விடையாகாது. நம்பிக்கையில்லாத எனக்கு இந்த இடத்தில் வாயடைத்துப் போகிறது.

அதே மதப் பிணைப்பு எதிர்ப்பக்கமும் இழுக்கும். 2003ல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் போலியோ சொட்டு மருந்து மலடாக்கும் என்ற பேச்சு பரவியது. சில மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள், மாநில அரசே முகாமை நிறுத்திவிட்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள இந்தோனேசியாவில் தயாரான மருந்து என்ற பிறகுதான் மீண்டும் தொடங்கியது. அதற்குள் வைரஸ் எல்லை தாண்டிவிட்டது. 2005ல் அந்த இந்தோனேசியாவுக்கே போய்ச் சேர்ந்தது! பிற்பாடு வீடுவீடாகப் போய் ஜனங்களைச் சம்மதிக்க வைத்ததிலும் இமாம்களுக்குப் பங்குண்டு.

என் பெரிய மனக்குறை குடும்பக் கட்டுப்பாடு. கத்தோலிக்க மருத்துவமனைகள் கருத்தடை மாத்திரையோ ஊசியோ கொடுப்பதில்லை. அது அவர்கள் கொள்கை, இருக்கட்டும். ஆனால் வேறு ஆஸ்பத்திரியே இல்லாத ஊரில் ஒரு சபையின் கொள்கை எல்லாப் பெண்களுக்கும் சட்டமாகிவிடுகிறது. அரசுப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரி, எதைக் கொடுக்கமாட்டோம், அது எங்கே கிடைக்கும் என்று வாசலிலேயே எழுதி வைக்கட்டும். அந்த இன்னொரு இடத்தை நடத்துவது அரசின் கடமை. ஒப்பந்தத்தில் இந்த இரண்டும் இருக்க வேண்டும், வரவு செலவும் வெளியே தெரிய வேண்டும்.

அரசும் தேதி தவறாமல் பணம் கட்டட்டும். கட்டாவிட்டால், பிரசவ வலியோடு வந்து நிற்கிறவளிடம் கட்டணம் கேட்க வேண்டியிருப்பது அமைச்சர் இல்லை, பிஷப்பும் இல்லை. அந்த நர்ஸ்தான்.