"இறக்குமதி முடிந்தது" என்றால், எத்தனை வந்தது?

மும்பை மாட்டுங்காவில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கணினி வேலைகளைக் கவனித்து வருகிறேன். அண்மையில் பழைய மென்பொருளை விட்டுவிட்டு, மின்னஞ்சல், முகவரி, நாட்காட்டி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து பிரவுசரில் இயங்கும் குரூப்வேர் ஒன்றுக்கு மாறினார்கள். மின்னஞ்சல் ஒழுங்காக வந்தது. முகவரிகள் வந்தன. நாட்காட்டி பாதிதான் வந்தது. அதைவிட மோசம், "இறக்குமதி முடிந்தது" என்று சொல்லி, முழுவதும் வந்துவிட்டதுபோல் அது காட்டிக்கொண்டது.

பெரிய ஆடிட்டர் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கிறதே தம்பி, வேறென்ன வேண்டும்?" என்றார். வாடிக்கையாளர் பெயராகத் தேடிப் பார்க்கச் சொன்னேன். சிலருடைய தேதிகள் வரிசையாக இருந்தன. சிலருக்கு ஒன்றுமே இல்லை. 7ஆம் தேதி டிடிஎஸ் எனும் பிடித்த வரி, 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 எனும் விற்பனைக் கணக்கு, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி எனும் மாதாந்திர வரிக் கணக்கு என்று தேதிகளை வைத்துப் பிழைக்கும் தொழில் அது. ஒரு 20ஆம் தேதி கைவிட்டுப் போனால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. மென்பொருள் அதைக் கட்டாது.

நடந்தது இதுதான். நாட்காட்டிக் கோப்பு, அதாவது ஐசிஎஸ், வெறும் எழுத்துக் கோப்பு. 1998இல் வந்த தரநிலை, 2009இல் ஆர்எஃப்சி 5545 என்ற ஆவணமாகப் புதுப்பிக்கப்பட்டது. நிகழ்வுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். சர்வர் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துத் தரவுதளத்தில் போடும். இத்தகைய சர்வர் நிரல்கள் பல எழுதப்படும் பிஎச்பி மொழியில் ஒரு வேலைக்குத் தரப்படும் நேரம், யாரும் மாற்றாதவரை, 30 விநாடி. பிரவுசருக்கும் அதற்கும் நடுவே என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் இருந்தால் அது 60 விநாடி காத்திருந்துவிட்டுக் கைகழுவும். தாதரில் லோக்கல் ரயில் நிற்கும் நேரம் மாதிரிதான்: ஏறியவர்கள் ஏறியவர்கள், மற்றவர்கள் நடைமேடையில். ஏறியவர்களை இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் ஏற்பாட்டைப் பல மென்பொருள்கள் செய்வதில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. என்ஜின்எக்ஸ் 504, அதாவது நேரம் கடந்துவிட்டது, என்று பிழை காட்டிய பிறகும், பின்னால் பிஎச்பி தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கலாம். பொறுமையிழந்தவர் மீண்டும் பொத்தானை அழுத்துவார். இப்போது இரண்டு இறக்குமதிகள் ஒரே நேரத்தில் ஓடும். யுஐடி என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி அடையாளம் இருக்கிறது. அதைச் சரிபார்க்காத மென்பொருளாக இருந்தால் ஒரே கூட்டம் இரண்டாக நிற்கும். காணாமல் போனதும் இரட்டிப்பானதும் ஒரே நாட்காட்டியில்.

இதை யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் முதல் ஆலோசனை, "வரம்பை ஏற்றுங்கள்" என்பதுதான். வரம்புகள் இருக்கத்தான் செய்கின்றன. என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 மெகாபைட். பிஎச்பி ஒரு கோப்புக்கு 2 மெகாபைட், மொத்தப் படிவத்துக்கு 8 மெகாபைட். இந்த 8ஐத் தாண்டினால் படிவமே காலியாகத்தான் நிரலின் கைக்குப் போகும். கோப்பைத் தேர்ந்தெடுத்த உங்களிடமே "கோப்பைத் தேர்ந்தெடுக்கவும்" என்று அது கேட்கும். எரிச்சலுக்கு அளவே இல்லை. ஆனாலும் வரம்பை ஏற்றுவது இரண்டாவது வேலை என்பது என் கட்சி. முதல் வேலை, கோப்பைத் திறந்து பார்ப்பது.

திறந்தால் தெரியும், நாட்காட்டி அவ்வளவு பெரிதாக இருக்க நியாயமே இல்லை. மாதந்தோறும் வரும் 20ஆம் தேதியை ஒற்றை வரியில் ஒரு விதியாக எழுதிவிடலாம். அந்த அலுவலகக் கோப்பைப் பருக்க வைத்தவை இணைப்புகள். ஸ்கேன் செய்த நோட்டீஸ்கள் பேஸ்64 என்ற எழுத்து வடிவில் உள்ளேயே திணிக்கப்பட்டிருந்தன. அந்த வடிவில் எந்தக் கோப்பும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஊதும். போதாததற்கு ஒரே குறிப்பு, சாதாரண எழுத்தில் ஒருமுறை, வலைப்பக்க வடிவமான எச்டிஎம்எல்லில் மறுமுறை. இணைப்புகளைத் தனியே ஒரு கோப்புறையில் சேர்த்துவிட்டு மீதியைப் பார்த்தால் பூதம் சாதுவாகிவிட்டது.

அதற்குப் பிறகும் பெரிதாக இருந்தால் துண்டு போடலாம், ஆனால் கண்ட இடத்தில் வெட்டக் கூடாது. ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்பகுதியும் நேரமண்டலப் பகுதியும் வேண்டும். நேரமண்டலத்தை விட்டுவிட்டால், காலை 10 மணிக் கூட்டத்தை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு மாலை 3.30க்குக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. ஒரு தொடர் நிகழ்வும், அதில் ஒரு மாதம் மட்டும் தள்ளிவைத்த மாற்றமும் ஒரே துண்டில் இருக்க வேண்டும். அவை ஒரே யுஐடியைப் பகிர்வதால் கண்டுபிடிப்பது எளிது.

தமிழில் குறிப்பெழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகாமல் மடிக்க வேண்டும் என்கிறது தரநிலை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'க' என்ற ஒற்றை எழுத்தே 3 பைட். 'கி' என்றால் 6. ஆகவே தமிழ் வரி சீக்கிரமே மடியும். பைட்டை மட்டும் எண்ணுகிற நிரல் எழுத்தின் நடுவிலேயே மடித்துவிடும். மடிப்பைப் பிரித்த பிறகுதான் எழுத்துகளாக வாசிக்க வேண்டும். முந்திக்கொண்டு வாசிக்கும் நிரலில் அந்த எழுத்து சிதைந்து கேள்விக்குறியாக நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவர்கள் இதைக் கண்டிருக்கவே மாட்டார்கள்.

சர்வர் உங்கள் கையில் இருந்தால் பிரவுசரைத் தொடவே வேண்டாம். கட்டளை வரியில் ஓடும் பிஎச்பிக்குக் கால வரம்பு கிடையாது. எப்படிச் செய்தாலும் முதலில் ஒரு வெற்று நாட்காட்டியில் போட்டுப் பாருங்கள். கோப்பில் அழைக்கப்பட்டவர்களின் முகவரிகள் இருந்தால், என்றோ முடிந்துபோன கூட்டங்களுக்கு இன்று அழைப்பு அனுப்பிவைக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன.

இதெல்லாம் செய்து முடித்தாலும் என் கோபம் தீரவில்லை. வாழ்நாளில் ஒருமுறை அழுத்தும் பொத்தானுக்கு யார் மெனக்கெடுவார்கள் என்று நிரலாளர் நண்பர் ஒருவர் கேட்டார். ஒருமுறைதான் அழுத்துவோம் என்பதால்தானே அது உண்மை சொல்ல வேண்டும்? கோப்பில் இருந்தவை எத்தனை, ஏறியவை எத்தனை, விடுபட்டவை எவை. இந்த மூன்றைக் காட்டத் தேவையான யுஐடிகள் எல்லாம் அதன் கையிலேயே இருக்கின்றன. காட்டுகிற மென்பொருள் வரும்வரை நான் கையால்தான் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். வரித் தணிக்கை அறிக்கைக்கான செப்டம்பர் 30 தாண்டும்வரை பழைய கணினியை யாரும் விற்கக் கூடாது என்றும் அந்த அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.