சும்மா உக்காந்திருக்கிற வேலைக்கு எதுக்குய்யா இத்தனை தகுதி?

சம்பள உயர்வு பத்திப் பேசப் போனா மேனேஜர் வாயிலேர்ந்து முதல்ல வர்றது இதுதான்: "ராத்திரி பூரா ஒண்ணும் நடக்கலையே, சும்மாதானே உக்காந்திருந்தீங்க?" ஒண்ணும் நடக்காம பாத்துக்கத்தான்யா சர்வர் கம்ப்யூட்டர்களை அடுக்கி ஓட்டற டேட்டா சென்டர்ல ஆபரேட்டர்னு ஒருத்தனை வெச்சிருக்கீங்க! விற்பனைப் பிரிவு வாடிக்கையாளர்கிட்ட 99.982 சதவீதம் அப்டைம், அதாவது அவ்ளோ நேரம் நிக்காம ஓடும்னு மார் தட்டி விக்குது. கணக்குப் போட்டா, வருஷம் முழுக்கச் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் நிக்கலாம். அதைக் காப்பாத்தறது யாரு, பவர்பாயிண்ட்டா?

ஆளெடுக்கும்போது போடற விளம்பரத்தைப் படிச்சிருக்கீங்களா? லினக்ஸ் தெரியணும். சிசிஎன்ஏங்கிற நெட்வொர்க் சான்றிதழ் இருந்தா முன்னுரிமை. ஃபைபர் கேபிள் முனையைத் துடைச்சு, அதுல வர்ற லைட் லெவல் பாத்து, எஸ்எஃப்பி (அந்தக் கேபிளைச் செருகற சின்ன மாட்யூல்) மாத்தத் தெரியணும். யுபிஎஸ், ஜெனரேட்டர், சில்லர்ங்கிற குளிரூட்டற மெஷின் எல்லாத்துலயும் பரிச்சயம் வேணும். கனமான சர்வரைத் தூக்கி ரேக்ல (சர்வர் அடுக்கற இரும்பு அலமாரி) ஏத்தற தெம்பு வேணும். பண்டிகை, ஞாயிறு பாக்காம ஷிஃப்டுக்கு வரணும். வாடிக்கையாளர் கத்தினாலும் பதமாப் பதில் எழுதணும். இத்தனையும் படிச்சுட்டு கடைசி வரிக்கு வந்தா, ஹெல்ப் டெஸ்க்ல பாஸ்வேர்டு மாத்திக் கொடுக்கிற தம்பியோட சம்பளம். (அந்தத் தம்பி மேல எனக்குக் கோபமில்லை, அவனுக்குக் கொடுக்கிறதும் அநியாயம்தான்.) அதையும் நேராத் தர மாட்டாங்க. நடுவுல ஒரு ஒப்பந்தக் கம்பெனி, அது தன் பங்கை எடுத்துக்கிட்ட பிறகுதான் நமக்கு மிச்சம். கொள்ளுன்னா வாயைத் திறக்கிறது, கடிவாளம்னா மூடிக்கிறது.

"ஒரு டிஸ்க்கைக் கழட்டி மாட்டறதுக்கு என்ன பெரிய திறமை?"ன்னு கேக்கறவங்க ஒருநாள் வந்து நின்னு பாருங்க. டிக்கெட்ல, அதாவது நமக்கு வர்ற வேலை உத்தரவுல, எந்த டிஸ்க்னு சொல்ல "நாலாவது ஸ்லாட்"னு வரும். நாலுன்னா எது? ஒண்ணுலேர்ந்து எண்ணறதா, பூஜ்யத்துலேர்ந்தா? இடமிருந்து வலமா, மேலேர்ந்து கீழயா? சர்வருக்கு சர்வர் மாறும். முன்னாடி போய் நின்னா, டிஸ்க் போச்சுன்னு காட்டற ஆம்பர் லைட் எரியறது பக்கத்து ஸ்லாட்ல. பல டிஸ்க்கைச் சேர்த்து ஒண்ணா ஓட்டற ரெய்டு 5ங்கிற முறைல ஒரு டிஸ்க் போனா தாங்கும். போனதை விட்டுட்டு நல்லா ஓடற இன்னொண்ணை உருவினா அந்த மொத்த டிஸ்க் தொகுப்பும் காலி. போனைப் போட்டா, எங்கேயோ வீட்ல உக்காந்திருக்கிற பெரிய பொறியாளர் "டிக்கெட்ல இருக்கிறபடி பண்ணுங்க"ங்கறார். ஹால்ல விசிறிச் சத்தம் 85 டெசிபலைத் தாண்டும், ரெண்டு பேரும் கத்தறோம். "சார், அந்த டிஸ்க்கோட இடத்தைக் காட்டற லொக்கேட் லைட்டை மட்டும் சிமிட்ட விடுங்க, பாத்துட்டு உருவறேன்"னு கெஞ்சின பிறகு, சலிச்சுக்கிட்டே கமாண்ட் அடிச்சார். சிமிட்டினது ஆம்பர் எரிஞ்ச அதே ஸ்லாட்! டிக்கெட்டே தப்பு. முடிச்சுக் கொடுத்ததும் அவர் எழுதி மூடினது என்ன தெரியுமா? "தளத்தில் தாமதம்." ஒரு கம்பெனியோட டேட்டாவைக் காப்பாத்தினவன் பேர்ல தாமதம்!

நான் அவர் சொன்னபடியே உருவியிருந்தா அது "மனிதத் தவறு" ஆகியிருக்கும். அறிக்கைல வர்ற அந்த மனிதன் எப்பவும் ஷிஃப்ட்ல இருந்தவன்தான். தப்பா டிக்கெட் போட்டவரோ, பேட்டரி மாத்தற செலவைத் தள்ளிப்போட்டவரோ அந்தப் பட்டியல்ல வரவே மாட்டாங்க.

கரண்ட் போனா ஜெனரேட்டர் எழுந்து லோடை எடுத்துக்கப் பத்துப் பதினஞ்சு செகண்டு ஆகும். அதுவரைக்கும் யுபிஎஸ் பேட்டரி தாங்கும். ஜெனரேட்டர் எழலைன்னா பேட்டரி சில நிமிஷம்தான். கூலிங்கும் நின்னுட்டா ஹால் கொதிக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்துல எந்த பிரேக்கரைத் தொடணும், எதைத் தொடவே கூடாதுன்னு தெரிஞ்சவனைத்தான் "சும்மா உக்காந்திருக்கான்"ங்கறீங்க. சர்வருக்குள்ள போற காத்து 18லேர்ந்து 27 டிகிரிக்குள்ள இருக்கணும்னு ஆஷ்ரேங்கிற குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தோட பரிந்துரை. அரை டிகிரி கூடினா அலாரம் வெச்சிருக்கீங்க. அதே சர்வருக்குப் பின்னாடி, சூடான காத்து வெளிய வர்ற ஹாட் ஐல்ல வெந்துக்கிட்டே கேபிள் இழுக்கறவனுக்கு டேஷ்போர்டுல ஒரு கட்டம்கூட இல்லை.

இப்போ ஏஐ வேற வந்தாச்சு. முன்னெல்லாம் ரேக்குக்கு அஞ்சு பத்து கிலோவாட். இப்போ என்விடியாவோட ஜிபி200ங்கிற ஏஐ சிப் வெச்ச ரேக் ஒண்ணே சுமார் 120 கிலோவாட் இழுக்குது, எடை ஒரு டன்னுக்கு மேல. காத்துல குளிர்விக்க முடியாது, சர்வருக்குள்ளயே குளிர்விக்கிற திரவத்துக்குக் குழாய் ஓடுது. ஆக, குழாய் இணைப்பு, கசிவு சென்சார், பம்ப் அழுத்தம் எல்லாம் புதுசாக் கத்துக்கணும். கத்துக்கிட்டோம். ஆன்லைன்ல ஒரு கோர்ஸ், ஒரு சான்றிதழ், குரூப்புல கைதட்டற எமோஜி. சம்பளம் மட்டும் பழைய ரேக்குக்கான சம்பளம்.

"எல்லாம் ரிமோட்ல பண்ணிடலாம், ஆளே வேண்டாம்"னு ஒரு கோஷ்டி இருக்கு. அவங்க 2021 அக்டோபர் 4ஐ ஞாபகப்படுத்திக்கட்டும். ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூணும் சுமார் ஆறு மணி நேரம் படுத்தன. உள் நெட்வொர்க்கே போனதால ரிமோட்ல நுழைய வழியில்லை, சரிபண்ற கருவிகளும் வேலை செய்யலை. ஆட்கள் நேர்ல போய்த்தான் சரிபண்ணாங்க. பாதுகாப்பு கெடுபிடில உள்ள நுழையவே நேரமாச்சுன்னு ஃபேஸ்புக் கம்பெனியே எழுதியிருக்கு.

நைட் அலவன்ஸை மாசச் சம்பளத்தோட சேர்த்து "மொத்தம்"னு பெருக்கிக் காட்டறதை முதல்ல நிறுத்துங்க. ஷிஃப்ட் 12 மணி நேரம்னு பேர்தான்; அடுத்த ஆள்கிட்ட ஒப்படைக்கிற நேரம் கணக்குலயே வராது. அடுத்த ஆள் வரலைன்னா வெளிய காலெடுத்து வைக்க முடியாது. இன்னைக்கும் வரலை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னு மேனேஜர் மெசேஜ். ஓவர்டைமுக்கு எழுத்துல ஒப்புதல் கொடுங்கன்னு பதில் போட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு, அவ்ளோதான்.