தராசில் ஏறியவளைக் கூனிக் குறுக வைக்காதீர்கள்

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் என் மச்சாளுக்கு நடந்ததை இதற்குள் பாதிக் கல்லடி கேள்விப்பட்டிருக்கும். மறுபடி முழுவதையும் சொல்லப் போவதில்லை. அவளுடைய நிறையை வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்திவிட்டு, "வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்குக் குளிசை எதற்கு?" என்று கேட்டார்களே, அந்த ஒரு கேள்வி மூன்று நாட்களாக என் காதை விட்டுப் போகவில்லை.

அவமானப்படுத்தினால் நிறை குறையாது. குறைவதாக இருந்தால் என் மச்சாள் எப்போதோ மெலிந்திருப்பாள். கலியாண வீட்டில், கோயில் வாசலில், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்தில் எங்கே போனாலும் "என்ன பிள்ளை, இப்படி உடம்பு வைத்துவிட்டாய்" என்பதைக் கேட்டுத்தான் வருகிறாள். கேட்டுவிட்டு வந்த இரவுகளில்தான் அவள் கூடுதலாகச் சாப்பிடுகிறாள்.

"டொக்டர்மார் உண்மையைச் சொல்லக் கூடாதா?" என்று கேட்பீர்கள். சொல்லட்டும். கதவைச் சாத்திவிட்டு, அவளுக்கு மட்டும் சொல்லட்டும். "அவ்வளவு கூட்டத்தில் நேரம் எங்கே?" என்பதைப் பாதி ஏற்றுக்கொள்கிறேன், காலை ஆறு மணிக்கே வரிசை நிற்பதை நானும் பார்க்கிறேன். ஆனால் ஏசுவதற்கும் நேரம் வேண்டும்தானே? அதே அரை நிமிடத்தில் ஒரு நல்ல கேள்வி கேட்கலாம்.

எனக்கு ஒருத்தி கேட்டாள். இரண்டாவது மகன் பிறந்த பிறகு சீனி எல்லையில் நிற்கிறது என்றார்கள். உளவளத்துணைக்கு இருந்த தங்கச்சி, "இந்தக் கிழமை ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள் அக்கா?" என்றாள். தேநீருக்குப் போடும் சீனியை என்றேன். செய்து முடிப்பேன் என்று பத்துக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று கேட்டாள். வெட்கத்தோடு "நான்கு" என்றேன். ஏன் பத்தில்லை என்று கேட்பாள் என நினைத்தேன். அவளோ, "ஏன் இரண்டு என்று சொல்லவில்லை?" என்றாள். யோசித்தேன். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவள் நான் என்று என் வாயாலேயே வந்தது. என் கிளினிக் கொப்பியின் மூலையில் "4 - கந்தசஷ்டி" என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள். இரண்டு கரண்டி ஒன்றானது அந்தக் கிழமைதான்.

அது அவள் கண்டுபிடித்த வித்தை இல்லை. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983 இல் எழுதத் தொடங்கி, பிறகு இன்னொரு உளவியலாளரான ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்தெடுத்த, 'ஊக்கமூட்டும் நேர்காணல்' என்ற முறையில் இப்படித்தான் கேட்கிறார்கள்: மாறுவதற்கான காரணத்தை வந்தவரே சொல்ல வேண்டும். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, முன்பு தானே செய்து முடித்ததிலிருந்துதான் மிகவும் உறுதியாக வரும் என்று உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா 1977 இலேயே எழுதிவிட்டார்.

"பேசினால் கொழுப்பு கரையுமா?" என்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் சீனி வருத்தம் வரும் நிலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002 இல் வந்தது. ஒரு பகுதியினருக்கு ஆளுக்கொரு வழிகாட்டி. நிறையில் 7 வீதம் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சியும் இலக்கு. மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், அவர்களிடம் நோய் வருவது 58 வீதம் குறைந்தது. சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெட்போமின் குளிசை எடுத்தவர்களிடம் 31 வீதம். பக்கத்தில் இருந்து பேசியவர்கள் ஏசியிருந்தால் யார் திரும்பி வந்திருப்பார்கள்?

திரும்பி வராமல் போவதுதான் எனக்குப் பயம். என் அம்மா அப்படித்தான் போவதை நிறுத்தினார். ஒருநாள் பலர் முன்னால் ஏச்சு வாங்கினார்; அதோடு கிளினிக் பக்கமே போகவில்லை. காலில் புண் வந்தபோதும் சேலையை இழுத்து மூடிக்கொண்டு, "அங்கே போனால் ஏசுவார்கள் மகள்" என்றார். நாங்கள் பார்த்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அம்மாவைப் பிடிவாதக்காரி என்று சொன்ன சொந்தக்காரர்களை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நேற்று மச்சாள் வீட்டுக்குப் போனேன். கிளினிக் அட்டையை அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். இனிப் போகமாட்டாளாம். அடுத்த திகதியைப் பார்த்து என் கைபேசியில் குறித்துக்கொண்டேன். அன்று லீவு போட்டுவிட்டு நானும் அவளோடு போய் அந்த வாங்கில் இருப்பேன்.